முனிராஜ் புஷ் மாற்றிய கதை

முனிராஜுக்கு எதுவும் ஆடக் கூடாது. ஓட்டலில் காபி குடிக்கப் போனால் மேஜைக் கால் ஆடுகிறதா என்று முதலில் அழுத்திப் பார்ப்பான். ஆடினால் சிகரெட் அட்டையை மடித்து அடியில் செருகிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவான். அதற்குள் காபி ஆறிப்போயிருக்கும், அது வேறு விஷயம். யார் வீட்டுக்குப் போனாலும் கதவுக் கீல், மின்விசிறி, தண்ணீர்க் குழாய் என்று கண் அலையும். கல்யாணமான புதிதில் பாகீரதியின் கால் மெட்டி லேசாகச் சுழல்கிறது என்று கட்டிங் பிளேயரால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அப்புறம் அதைக் கழற்றுவதற்குள் தலையால் தண்ணீர் குடித்தவன்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா, சித்தப்பா, மாமன் எல்லோரும் பூமிக்கடியில் இறங்கியவர்கள். அங்கே ஒரு போல்ட் தளர்ந்தது, ஒரு கட்டை நகர்ந்தது என்றால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் லைன் முழுக்கப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து, யார் வீடோ என்று வாய் அடைத்து நிற்பார்கள். அப்படி நின்றவர்களின் முந்தானையைப் பிடித்து வளர்ந்த பிள்ளைக்கு, இறுக்கமானதெல்லாம் நல்லது, தளர்ந்ததெல்லாம் எமன் என்று மனதில் பதிந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. பெங்களூருக்கு வந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தான். அவன் முடுக்கிய நட்டை அவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும் என்று அங்கே கேலி பேசுவார்கள். அதை அவன் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

தொம்மலூரில் பழைய ஊருக்குள், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவனும் பாகீரதியும் குடியிருந்தார்கள். தொண்ணூற்றைந்தில், அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தபோது, அல்சூரில் ஒரு கல்யாணத்துக்கு ஆட்டோவில் போனார்கள். முகூர்த்தம் தவறிவிடும் என்ற பதற்றத்தில், “ஸ்வல்ப பேக ஹோகப்பா” என்று, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் டிரைவரை அவசரப்படுத்தியது முனிராஜ்தான். டிரைவரும் சொன்னபடியே பறந்தான். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் ஆட்டோ விழுந்து எழுந்தது. அன்று மாலையே அவளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை.

அதற்கப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. ரோட்டைப் பற்றித்தான் பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால் ரோடு, படுத்தால் ரோடு. கார்ப்பரேஷனையும் கான்டிராக்டரையும் டெலிபோன் கேபிள் போடத் தோண்டிவிட்டு மூடாமல் போகிறவர்களையும் அவன் திட்டாத திட்டு இல்லை. பாகீரதி கேட்டுக்கொண்டே இருப்பாள். மோர் ஊற்றுவாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லமாட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடியும் உண்டானபோது முனிராஜ் முதலில் செய்த காரியம், ஒரு பழைய மாருதி காரை வாங்கிச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தியதுதான். இனி ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது. பரிசோதனைக்கானாலும் பிரசவத்துக்கானாலும் இதில்தான் அவள் போக வேண்டும். டாக்டரம்மா, “எல்லாம் நல்லா இருக்கு, பஸ்ஸிலேயே வரலாம்மா” என்று சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கார் வந்தது சரி. ஆனால் அதற்கு வயதாகியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தான். அசைந்தது! முனிராஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தொலைந்துபோன எதிரியைச் சந்தையில் பார்த்துவிட்டவன் மாதிரி மலர்ந்தது.

சக்கரத்தைத் தாங்குவது ஓர் இரும்புக் கை. அது வண்டியின் உடலோடு சேரும் மூட்டில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். அதற்குள்ளே ஓர் இரும்புக் குழல், குழலுக்குள்ளே போல்ட். இந்த ரப்பர் உருளைக்குத்தான் புஷ் என்று பெயர். கை மேலும் கீழும் போகும்போது ரப்பர் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். முனிராஜின் வண்டியில் அது தேய்ந்து, வெடித்து, பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். விடுவானா? தன் பெண்டாட்டியும் பிள்ளையும் போகிற வண்டியில் இன்னொருத்தன் கை வைப்பதா? அந்த இரும்புக் கையைக் கழற்றி எடுத்தான். பழைய புஷ் துருவோடு ஒட்டிப் பிறந்ததுபோல வர மறுத்தது. சுத்தியல் கேட்கவில்லை. கடைசியில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினான். ரப்பர் கருகிய கரும்புகை சந்து முழுக்கப் பரவி, கொடியில் காய்ந்த துணியெல்லாம் நாறியது. பக்கத்து வீட்டு வள்ளியம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அய்யே, இன்னாடா முனிராஜு இது! வயித்துப் புள்ளக்காரிய வூட்ல வெச்சுக்கினு பொணம் எரிக்கிற மாதிரி எரிக்கிறே? தலச்சம் புள்ளடா, ஜாக்கிரதயா இருக்க வேணாமா?”

“ஜாக்கிரதக்குத்தான் அக்கா இது” என்றான் அவன், கண்ணில் நீர் வழிய.

ஜே.சி. ரோட்டுக் கடையில் இரண்டு வகை புஷ் இருந்தது. ஒன்று கம்பெனி ரப்பர். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். இன்னொன்று ஏதோ பட்டறையில் வார்த்தது, மஞ்சள் நிறம், அழுத்தினால் விரல்தான் வலிக்கும். “கல்லு மாதிரி சார். ஜிந்தகி முழுக்க வரும்” என்றார் கடைக்காரர். வேறு யாராவது இருந்தால் கல்லில் உட்கார்ந்து எப்படிப் போவது என்று யோசித்திருப்பார்கள். முனிராஜுக்குக் கல் என்ற சொல்லே இனித்தது. மஞ்சளை வாங்கி வந்தான்.

அது கையின் துளைக்கு இம்மியளவு பெரிது. தொழிற்சாலையாக இருந்தால் பிரஸ்ஸில் வைத்து ஒரே அழுத்தில் உள்ளே அனுப்பியிருப்பான். வீட்டில் இருந்தது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ்தான். சோப்புத் தண்ணீர் தடவி, வைஸின் பிடியில் ஒரு குழாயை மாட்டி நெம்பினான். முதல் புஷ் கோணலாகப் போய் ஓரம் சிதைந்தது. இன்னொன்று வாங்கி வந்து, மறுபடி நெம்பி, உள்ளே அனுப்பிவிட்டான். மறுபக்கச் சக்கரத்துக்கும் அப்படியே செய்தான். வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டைப் போட்டு, நரம்பு புடைக்க முடுக்கினான். சக்கரத்தை அசைத்துப் பார்த்தான். மலையை அசைப்பது போல இருந்தது.

மறுநாள் பரிசோதனைக்குக் கிளம்பினார்கள். பின்சீட்டில் தலையணை போட்டுப் பாகீரதி உட்கார்ந்தாள். வண்டி சந்தைத் தாண்டுவதற்குள்ளேயே விஷயம் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் பள்ளம் மட்டும்தான் அடித்தது. இப்போது ரோட்டில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் நேரே வந்து முதுகெலும்பில் தட்டியது. போதாததற்குத் திரும்பும்போதெல்லாம் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். ஒவ்வோர் அதிர்வுக்கும் முனிராஜ் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“ஒண்ணும் இல்லயே?”

“ஒண்ணும் இல்ல, போங்க.”

பின்னால் வந்த பஸ் டிரைவர் கன்னடத்தில் அவனுடைய பரம்பரையை விசாரித்தார். பாதி வழியில் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். அந்த முறை பரிசோதனை இல்லை என்று ஆனது.

சத்தம் போக எண்ணெய் ஊற்றினான், கிரீஸ் தடவினான். அது ரோட்டுப் புழுதியைத்தான் சேர்த்தது. கடைசியில் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு கல்லைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பெனி ரப்பரையே வாங்கி வந்து போட்டான். அதை மாட்டுவதில் தகராறு ஒன்றும் வரவில்லை. ஜாக்கியில் நிறுத்தி, வழக்கம்போல முடுக்கி, இறக்கி, ஓட்டிப் பார்த்தான். அடி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனாலும் வண்டி விறைத்துக்கொண்டுதான் போனது. பள்ளத்தில் இறங்கினால் முரண்டு பிடித்தது. என்ன குறை என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எல்லாம் புதிது, எல்லாம் இறுக்கம், பிறகு என்ன?

இப்படியே இரண்டாவது பரிசோதனையும் தவறியது. பாகீரதி சந்தை விட்டு வெளியே போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வள்ளியம்மா அவனை வழிமறித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். “நான் ஆட்டோவுல கூட்டிக்கினு போறேன், நீ போய் வேலையப் பாரு” என்றாள். ஆட்டோ என்ற சொல்லைக் கேட்டதும் முனிராஜின் முகம் வெளிறியது. அதைப் பார்த்த வள்ளியம்மா பேச்சை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வருகிற திங்கட்கிழமை ஸ்கேன். அதைத் தவறவிடக் கூடாது என்று டாக்டரம்மா ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை முனிராஜ் காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பாகீரதி அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தவள், பாத்திரத்தை வைத்துவிட்டு, கார்க் கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, வண்டி உசந்து போச்சு” என்றாள்.

“இன்னாது?”

“முன்னெல்லாம் இப்பிடிக் குந்தினா காலு தரையில நல்லாப் படியும். இப்போ எட்டல. இந்த வயித்தத் தூக்கிக்கினு நான் ஏறி எறங்குறேன், எனக்குத் தெரியாதா?”

கார் எங்காவது உசருமா என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தான். பின்பக்கமும் பார்த்தான். முன்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

புரிந்துவிட்டது. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும், இரும்புக் கையும் தொங்கும். தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முடுக்கினால், அந்தக் கோணத்தையே ரப்பர் தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியை இறக்கினால் சும்மா நிற்கும்போதே அது முறுக்கிக்கொண்டு நிற்கும். கழுத்துச் சுளுக்கோடு எழுந்தவன் மாதிரி, நாள் முழுக்க வலியோடு விறைத்திருக்கும். அதன்மேல் பள்ளம் வேறு வந்தால் அது எப்படி வாங்கிக்கொள்ளும்? வண்டி நாலு சக்கரத்திலும் தன் பாரத்தைப் போட்டு நிற்கும்போதுதான் முடுக்க வேண்டும். தொழிற்சாலையில் எல்லாம் மேஜைமேல் வைத்து முடுக்கும் சாமான். அவற்றுக்குச் சுமை என்ற ஒன்று இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் அவன் தவறிவிட்டான்.

சரி, வண்டி தரையில் நின்றால் அடியில் போவது எப்படி? மாருதிக்கு அடியில் பூனை போகும், முனிராஜ் போகமுடியாது. மெக்கானிக் கடைகளில் குழி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அவன் கண் சந்து முனைக்குப் போனது. டெலிபோன்காரர்கள் கேபிளுக்காகத் தோண்டிய பள்ளம் அங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இடுப்பளவு ஆழம், ஓர் ஆள் உட்காரும் அகலம். அந்தப் பள்ளத்தைத்தான் அவன் ஒரு வாரமாகத் தினமும் போகும்போதும் வரும்போதும் சபித்துக்கொண்டிருந்தான்.

காரை ஊர்ந்து ஓட்டிப்போய், இரண்டு பக்கச் சக்கரமும் பள்ளத்தின் இரண்டு கரையிலும் நிற்கும்படி நிறுத்தினான். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தான். ஸ்பேனரோடு பள்ளத்தில் இறங்கப்போனவனைப் பாகீரதி கூப்பிட்டாள்.

“நான் குந்தணுமில்ல?”

“நீ எதுக்கு?”

“வண்டியில போவப் போறது நான்தானே? பாரத்தோட முடுக்கணும்னா என் பாரத்தோட முடுக்குங்க.”

அது நியாயம்தான். இருந்தாலும் பலகை போட்டு, அவள் கையைப் பிடித்து, கோயில் சாமியைச் சப்பரத்தில் ஏற்றுகிற பயபக்தியோடு பின்சீட்டில் ஏற்றினான். கார் லேசாக அமுங்கியது. பிறகு பள்ளத்தில் இறங்கி, செம்மண்ணில் மல்லாந்து சாய்ந்து, இரண்டு போல்ட்டையும் தளர்த்தினான். தளர்த்திய உடனே ‘ம்ம்’ என்று ஒரு சத்தத்தோடு முன்பக்கம் விரலளவு இறங்கி நின்றது. மேலே பாகீரதி சிரிக்கும் சத்தம் கேட்டது.

“மூச்சு வுட்டுச்சு பாத்தீங்களா.”

அவன் நட்டில் ஸ்பேனரை மாட்டினான். அவளுக்கு அவன் தெரியவில்லை, அவனுக்கு அவள் தெரியவில்லை. நடுவே வண்டியின் தரைத்தகடு மட்டும்தான்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் அவள்.

“சொல்லு.”

“அந்தக் கொழந்த ரோட்டால போவல.”

ஸ்பேனர் நின்றது.

“ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. அது உள்ளயே அடங்கி ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருந்துச்சாம். கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னாடியே. ஆட்டோவும் இல்ல, பள்ளமும் இல்ல, நீங்க சீக்கிரம் போன்னு சொன்னதும் காரணம் இல்ல. கொஞ்ச நாளா அசைவு கம்மியா இருக்குதேன்னு எனக்கே தோணிச்சு. மொதத் தடவ, தெரியல.”

பாகீரதி தரைத்தகட்டைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“வூட்டுக்கு வந்ததும் உங்ககிட்டச் சொன்னேன். நீங்க ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கினு எழுந்து போயிட்டீங்க. அப்புறம் நீங்க ரோட்டத் திட்ட ஆரம்பிச்சீங்க. சரி, திட்டட்டும், இவருக்கு ரிப்பேர் பண்ண ஏதாச்சும் ஒண்ணு வேணும்னு வுட்டுட்டேன். இந்தக் கார் வந்தப்பவும் அப்பிடித்தான் வுட்டேன். ஆனா, என்ன ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கே போவவுடாம வெச்சுட்டீங்களே. இனிமே வுடக் கூடாதில்ல?”

முனிராஜுக்கு அழத் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்துக்குள் அவன் வாயில் முழங்கையை வைத்துக்கொண்டு அழுதான். தன் அவசரத்தால் போன பிள்ளை என்று இரண்டு வருடமாகச் சுமந்திருந்தான். அந்தப் பாரம் இறங்கிய இடத்தில், நிம்மதி வரும் என்று பார்த்தால், குழந்தைதான் வந்தது. முகம்கூடப் பார்க்காத பிள்ளை. கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்கவே இல்லையே, ரோட்டை நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுவிட்டோமே என்று அழுதான். பாகீரதி அவசரப்படுத்தவில்லை. கையால் சீட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து குரல் வந்தது.

“அவன் யாரு சாடை?”

“உங்க சாடைதான். காது ரெண்டும் அப்பிடியே” என்றாள். அவளும் அப்போதுதான் அழுதாள்.

அன்று இரண்டு போல்ட்டையும் முடுக்கிவிட்டு மேலே வந்த முனிராஜ், தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாக இருந்தான். எதையும் அசைத்துப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து அவளை இறக்கினான். அவள் கால் தரையில் படிந்தது.

திங்கட்கிழமை ஸ்கேனுக்குப் போனார்கள். பள்ளங்களுக்கு என்ன, அவை வழக்கம்போல வந்தன. வண்டி இறங்கி ஏறி வாங்கிக்கொண்டு போனது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டரம்மா. அப்புறம் ஒரு பரிசோதனையும் தவறவில்லை. கார் சர்வீசுக்குப் போன ஒரு நாளில் பஸ்ஸிலேயே போய்வந்தார்கள். முனிராஜ் வழி முழுக்க முன்சீட்டுக் கம்பியை விடவில்லை, ஆனாலும் போனான்.

மார்கழியில் ஒரு காலை பாகீரதிக்கு வலி எடுத்தது. காரில் கொண்டுபோய்ச் சேர்த்தான். வராந்தாவில் நிற்காமல் பிரசவ அறைக் கதவை ஒட்டியே நின்றான். நர்ஸ் இரண்டு தடவை விரட்டியும் நகரவில்லை. மதியத்துக்குமுன் கதவு திறந்து, துணியில் சுற்றிய குழந்தையை அவள் வெளியே கொண்டுவந்தபோது, கேட்பதற்குமுன்பே இரண்டு கையையும் நீட்டினான். சிவந்த முகம், சுருங்கிய நெற்றி. துணியை லேசாக விலக்கி முதலில் காதைப் பார்த்தான். காது பாகீரதியுடையது. வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் திருப்பிக் கேட்டபோதுதான் கொடுத்தான்.

சோற்றுக் கூடையோடு வள்ளியம்மா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தாள்.

“இன்னாடா ஆச்சு? தலச்சன் இன்னா கொழந்த?”

“இது ரெண்டாவது அக்கா” என்றான் முனிராஜ். “மொதப் புள்ள பையன். இது பொண்ணு.”

வள்ளியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.